கோலமாவிலிருந்து வினைல் வரை - ஒட்டிப் பிரிக்கும் அலங்காரத்தின் கதை



செமஸ்டர் ஒரு வழியாக முடிந்தது. ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்த ஒரு விஷயத்தை இன்றைக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்துவிட்டு "ஸ்டிக்கர்ல என்னடா வரலாறு?" என்று கேட்பீர்கள். எங்கள் வகுப்பில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். :) போர் நடந்தால்தான் வரலாறா என்ன? வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிற ஒரு பட்டாம்பூச்சிக்குப் பின்னால் இரண்டு மூன்று நாடுகளும் நூறு வருஷமும் இருக்கின்றன. நம்ம திருச்செங்கோடும் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு கொசுவத்தி

நான் ஆறாவது படிக்கும்போது நாங்கள் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட முதல் கண்டிஷன். அதனால் அம்மா ஆணி அடிக்காமல் சுவரை அழகாக்க ஒரு வழி கண்டுபிடித்தார். கடைத்தெருவில் பெரிய மரம் ஸ்டிக்கர் ஒன்று வாங்கிவந்து ஹாலில் ஒட்டினோம். பழுப்புக் கிளை, பச்சை இலை, இரண்டு குருவி. வந்தவர்கள் எல்லாம் நல்லாயிருக்கு என்றார்கள். எனக்கு அந்தக் குருவிகளுக்குப் பெயர்கூட இருந்தது (சொல்ல மாட்டேன்).

இரண்டு வருஷம் கழித்து வீடு மாற்ற வேண்டி வந்தது. காலி செய்வதற்கு முதல் நாள் அம்மாவும் நானும் ஸ்டிக்கரைப் பிரித்தோம். மரம் வந்தது. கூடவே சுவரின் டிஸ்டம்பரும் வந்தது, சில இடத்தில் அதற்குக் கீழே இருந்த சுண்ணாம்பும் வந்தது. மரம் இருந்த இடத்தில் சொறி பிடித்த மாதிரி ஒரு வெள்ளை மரம் நின்றது. வீட்டுக்காரர் அட்வான்ஸில் பெயிண்ட் செலவைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மா அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மாதச் செலவில் அது எவ்வளவு பெரிய ஓட்டை என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அப்போது மனதில் விழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை. ஒட்டுவது சுலபம். சுவடு இல்லாமல் பிரிப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு?

ஒட்டாமலே இருந்த அலங்காரம்

நம் ஊர் அலங்காரங்களை யோசித்துப் பாருங்கள். முக்கால்வாசி நிற்பதற்காகச் செய்தவை இல்லை. வாசல் கோலம் காலையில் போட்டது மதியத்துக்குள் பாதி போய்விடும். மாவிலைத் தோரணம் காய்ந்ததும் கழற்றிவிடுவோம். கல்யாணத்துக்குக் கட்டின வாழை மரம் மறுநாள் மாட்டுக்கு. நம்ம மலைக்குப் போகிற படி வழியில் பாறையில் செதுக்கிய பெரிய நாகர் இருக்கிறாரே, அவர் மேல் கொட்டுகிற குங்குமமும் மஞ்சளும்கூட அப்படித்தான். மழை பெய்தால் கரையும், அடுத்து வருகிறவர்கள் மறுபடி கொட்டுவார்கள்.

கோலம் எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சின்னச் சான்று. ஆண்டாளின் நாச்சியார் திருமொழி தை மாதத்தில் தரையைச் சுத்தம் செய்து மண்டலம் இடுவதோடுதான் ஆரம்பிக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய பாட்டு அது. அன்றிலிருந்து இன்று வரை தரையில் போட்டது தரையிலேயே கரைந்துகொண்டிருக்கிறது.

பச்சரிசி மாவுக் கோலத்தை எறும்பும் குருவியும் தின்னும். இதை வைத்தே ஒரு முழு ஆராய்ச்சிப் புத்தகம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் விஜயா நாகராஜன் 2018ல் வெளியிட்ட அந்தப் புத்தகத்தின் பெயருக்கே 'ஆயிரம் உயிருக்குச் சோறிடுதல்' என்றுதான் அர்த்தம். எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) இதைப் புத்தகம் படிக்காமலே சொல்லும். மார்கழியில் கோலமாவுப் பொடியோடு ஒரு கை அரிசி மாவும் கலந்துதான் போடும். கேட்டால் "எறும்புக்கு நாம தான கண்ணு போடோணும்" என்று பதில் வரும்.

இந்த அலங்காரத்துக்குப் பசையே தேவைப்படவில்லை. அழிய வேண்டியதை எதற்கு ஒட்ட வேண்டும்?

பசை தேடப் போய்க் கிடைத்த பிளாஸ்டிக்

இப்போது அமெரிக்காவுக்குப் போகலாம். வினைல் என்று நாம் சொல்வது பாலிவினைல் குளோரைடு, சுருக்கமாக பி.வி.சி. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயும் ஸ்டிக்கரும் ஒரே குடும்பம். குழாய் விறைப்பு, ஸ்டிக்கர் வளையும். அவ்வளவுதான் வித்தியாசம். இந்தப் பொருளை 19ஆம் நூற்றாண்டிலேயே வேதியியல்காரர்கள் பார்த்துவிட்டார்கள். ஆனால் கட்டியாக, உடைகிற மாதிரி இருந்ததால் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

1926ல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரான் நகரில், பி.எஃப். குட்ரிச் என்ற ரப்பர் கம்பெனியில் வால்டோ செமன் என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். அவருக்குக் கொடுத்த வேலை ரப்பரை இரும்போடு ஒட்டுவதற்கு ஒரு பசை கண்டுபிடிப்பது. அதற்காக பி.வி.சியைச் சூடான கரைப்பானில் போட்டுக் காய்ச்சினார். ஆறியதும் பார்த்தால் பசை கிடைக்கவில்லை. ஜெல்லி மாதிரி, இழுத்தால் நீளுகிற, விட்டால் திரும்புகிற ஒரு பொருள் கிடைத்தது. வளையும் வினைல் பிறந்தது இப்படித்தான். மழைக்கோட்டு, குளியலறைத் திரை என்று பயன்பாடுகள் வரிசையாக வந்தன. செமன் நூறு வயது வரை வாழ்ந்து 1999ல் இறந்தார்.

கவனித்தீர்களா? வினைலைக் கண்டுபிடித்தவர் தேடியது பசையை. கிடைத்ததோ எதிலும் ஒட்டாத ஒன்று. பின்னால் அதன் முதுகில் நாம்தான் பசை தடவினோம்.

இதில் நம்ம பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதே பி.எஃப். குட்ரிச் ஒத்துழைப்போடு ஒரு பி.வி.சி ஆலை 1967ல் நம்ம மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியது. இன்றைய கெம்பிளாஸ்ட் சன்மார் கம்பெனியின் ஆரம்பம் அது. அணையைப் பார்க்கப் போய் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருகிறோமே, அதே ஊர். ஆக்ரானில் ஆரம்பித்த சமாச்சாரம் நாற்பது வருஷத்தில் காவிரிக் கரைக்கு வந்துவிட்டது.

முதல் ஸ்டிக்கரே பிரிப்பதற்குத்தான்

அடுத்தது பசையின் கதை. இங்கேதான் எனக்கு ஆச்சரியம்.

1920களில் அமெரிக்காவில் காருக்கு இரண்டு கலர் பெயிண்ட் அடிப்பது ஃபேஷன். ஒரு கலர் அடித்த பாகத்தில் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு அடுத்த கலர் அடிப்பார்கள். காகிதத்தைப் பிரிக்கும்போது முதலில் அடித்த பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். (எங்கள் ஹால் சுவர் ஞாபகம் வருகிறதா?) பெயிண்டர்கள் திட்டுவதைக் காதால் கேட்ட 3எம் கம்பெனி ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, 1925ல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார். பிடிக்க வேண்டும், ஆனால் கேட்டால் விட்டுவிட வேண்டும். இன்றைக்கும் நம்ம ஊர் லாரி பெயிண்ட் ஷெட்டில் எந்த நேரம் போனாலும் அந்த டேப் ஒட்டிய கேபின் ஒன்று நிற்கும்.

அடுத்து 1935. லாஸ் ஏஞ்சலஸில் ஸ்டான்டன் ஏவரி என்ற இளைஞர், வருங்கால மனைவியிடம் நூறு டாலர் கடன் வாங்கி ஒரு மெஷின் செய்தார். வாஷிங் மெஷின் மோட்டார், தையல் மெஷின் பாகம் என்று கிடைத்ததை வைத்துச் செய்த மெஷின். அதில் தயாரானதுதான் பின்தாளை உரித்து ஒட்டுகிற லேபிள். நக்க வேண்டாம், தண்ணீர் தொட வேண்டாம். கடைகளில் பொருள் மேல் விலை ஒட்டுவதற்கு விற்றார். வாங்கிப்போனவர் வீட்டில் சுத்தமாகப் பிரித்துவிடலாம் என்பதுதான் அதன் விசேஷம். அவர் கம்பெனிக்கு முதலில் வைத்த பெயரே 'கம் கிளீன்', அதாவது சுத்தமாக வந்துவிடும்!

மூன்றாவது ஆள் 3எம்மின் ஸ்பென்சர் சில்வர். 1968ல் ரொம்ப வலுவான பசை ஒன்று செய்யப் போய், லேசாக மட்டும் ஒட்டுகிற பசையைச் செய்துவிட்டார். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன உருண்டைகளாக இருக்கிற பசை அது. முழுப் பரப்பும் ஒட்டாமல் புள்ளி புள்ளியாகத்தான் தொடும். இதை என்ன செய்வதென்று வருஷக்கணக்காக யாருக்கும் தெரியவில்லை. 1974ல் அதே கம்பெனியின் ஆர்ட் ஃப்ரை, சர்ச்சில் பாடும்போது பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டு விழுந்துகொண்டே இருக்கிறதே என்று யோசித்து இந்தப் பசையை நினைத்தார். 1980ல் போஸ்ட்-இட் என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது. நாம் புத்தகத்தில் ஒட்டி, பரீட்சை முடிந்ததும் பிடுங்கி எறிகிற மஞ்சள் சீட்டு அதுதான்.

மாஸ்கிங் டேப், லேபிள், மஞ்சள் சீட்டு. மூன்றிலும் சாதனை ஒட்டியதில் இல்லை, விட்டதில் இருக்கிறது. பிரிகிற ஸ்டிக்கர் என்பது புதுசாக வந்த வசதி என்று நினைத்திருந்தேன். உண்மையில் விலை ஸ்டிக்கரின் தாத்தாவே பிரிகிற ஸ்டிக்கர்தான்.

நெற்றிக்கு வந்தது

நம் வீடுகளுக்குள் ஸ்டிக்கர் சுவர் வழியாக வரவில்லை. நெற்றி வழியாக வந்தது. சாந்துப் பொட்டும் குங்குமமும் இருந்த இடத்தில் 1980களில் ஸ்டிக்கர் பொட்டு பரவியது. வியர்வையில் வழியாது, சேலைக்கு ஏற்ற கலர், அட்டை வாங்கினால் மாதம் ஓடும். ராத்திரி கழற்றிக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக் காலையில் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். எந்த வீட்டுக் கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்தாலும் பத்துப் பொட்டு இருக்கும். பிரித்து மறுபடி ஒட்டுவதில் நம் அம்மாக்கள் போஸ்ட்-இட் கம்பெனிக்கே பாடம் எடுப்பார்கள்.

ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. பொட்டு வைத்த இடத்தில் தோல் வெளுத்துப் போகிறது என்று பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பொட்டின் பசையில் இருந்த பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம்தான் காரணம் என்று இந்திய தோல் மருத்துவர்கள் 1990ல் ஆய்வு வெளியிட்டார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி நெற்றியில் வெள்ளை வட்டம் உள்ள ஓர் அக்கா உண்டு. அவர் இப்போது குங்குமம் மட்டும்தான் வைக்கிறார். சுவரானாலும் தோலானாலும், பிரிந்த பிறகு சுவடு இருந்தால் அது பிரிந்ததாகாது.

வாசலுக்கு வந்தது

ஸ்டிக்கர் கோலம் எப்படி வந்தது? அதற்கு முதலில் தரை மாற வேண்டியிருந்தது. சாணம் தெளித்த மண் வாசலில் எந்த ஸ்டிக்கரும் நிற்காது. சிமெண்ட் தரை வந்ததும் பெயிண்ட் கோலம் வந்தது. மொசைக்கும் டைல்ஸும் வந்ததும் ஸ்டிக்கர் கோலம் வந்தது. பசைக்கு வழவழப்பான, தூசியில்லாத, ஈரமில்லாத இடம் வேண்டும். டைல்ஸ் அதைக் கொடுத்தது. அடுக்குமாடி வீடுகளில் வாசல் என்பதே கதவுக்கு முன்னால் இருக்கிற இரண்டடி இடமாகச் சுருங்கியதும் ஒரு காரணம். காலையில் வேலைக்கு ஓடுகிற பெண்களுக்கு நேரம் இல்லாதது இன்னொரு காரணம்.

திடீரென்று வந்துவிடவும் இல்லை. அதற்கு முன்பே ஓட்டை போட்ட தகர அச்சு இருந்தது. மாவைப் போட்டு உருட்டினால் பூ வரிசை விழுகிற கோலக் குழல் இருந்தது. அதாவது, கையால் போடாத கோலத்துக்கு நம் ஆட்கள் ஏற்கெனவே பழகியிருந்தார்கள்.

அம்மாயிக்கு ஸ்டிக்கர் கோலம் பிடிக்காது. "தெனமும் ஒரே கோலம் இருந்தா ஊட்ல ஆளு இருக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்கும். யோசித்தால் நியாயம்தான். கோலம் என்பது அலங்காரம் மட்டும் இல்லை, இந்த வீட்டில் இன்றைக்கு ஒருவர் எழுந்துவிட்டார் என்கிற சேதி. ஸ்டிக்கருக்கு அந்தச் சேதி சொல்லத் தெரியாது. பூட்டிய வீட்டு முன்னாலும் சிரித்துக்கொண்டிருக்கும்.

அம்மா கட்சி வேறு. "காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு சோறாக்கி, தறிக்குப் போறவளுக்குக் கோலமும் வேணுமா?" என்பார். இதுவும் நியாயம்தான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் வாயைத் திறப்பதில்லை.

எங்கள் ஊர் ரேடியம் கடை

திருச்செங்கோடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அர்த்தநாரீசுவரர் கோயில் ஞாபகம் வரும். வடநாட்டு விவசாயிகளுக்கு ரிக் வண்டி ஞாபகம் வரும். போர் போடுகிற நம்ம ஊர் ரிக் லாரிகள் போகாத மாநிலம் இல்லை. டிஎன் 34 நம்பரோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அவை நிற்கும். வண்டியின் நெற்றியிலும் பக்கவாட்டிலும் கம்பெனிப் பெயர், சாமி பெயர், ஊர்ப் பெயர், போன் நம்பர் பெரிது பெரிதாக இருக்கும். அதுதான் அவர்களுக்கு விளம்பரம்.

இந்தப் பெயர்களை எழுதியவர்களில் என் பெரியப்பாவும் ஒருவர். சாக்பீஸ் தடவிய நூலைத் தட்டிக் கோடு போட்டு, எனாமலும் பிரஷும் வைத்து எழுதுவார். நிழல் எழுத்து, பூ வளைவு, கழுகு, தாமரை எல்லாம் கைவரும். ஒரு வண்டிக்கு இரண்டு நாள் ஆகும்.

இதற்கிடையில் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கெர்பர் கம்பெனி, வினைல் தாளில் எழுத்து வெட்டுகிற கம்ப்யூட்டர் மெஷினைக் கொண்டுவந்தது. பேனாவுக்குப் பதில் கத்தி பிடித்த ப்ளாட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்து குறைந்து அந்த வகை மெஷின்கள் சின்ன ஊர்களுக்கும் வந்தன. பெரியப்பாவின் தொழிலுக்கு அது நல்ல செய்தி இல்லை. இரண்டு நாள் வேலையை இரண்டு மணி நேரத்தில் மெஷின் முடித்தது. கூட எழுதிக்கொண்டிருந்தவர்கள் சிலர் பெயிண்ட் அடிக்கப் போனார்கள், சிலர் தறிக்குப் போனார்கள். பெரியப்பா கடன் வாங்கி ஒரு மெஷினையே வாங்கிப் போட்டார். "எழுத்து தெரிஞ்சவன் கத்தியையும் ஆளலாம்" என்பது அவர் கணக்கு. பெரியம்மாவின் வளையல் இரண்டு அடமானத்துக்குப் போனது என்பது நான் பின்னால் தெரிந்துகொண்டது.

நம் ஊரில் இந்தக் கடைகளுக்கு ரேடியம் கடை என்று பெயர். ஸ்டிக்கரில் ரேடியம் எல்லாம் கிடையாது! வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுகிற தாளில் இருப்பது நுண்ணிய கண்ணாடி மணிகள். வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். அதையும் 1930களின் கடைசியில் சாலைப் பலகைக்காகக் கொண்டுவந்தது அதே 3எம்தான். இருட்டில் ஒளிர்கிற கடிகார முள்ளில் ஒரு காலத்தில் ரேடியம் இருந்ததால், மின்னுவதெல்லாம் நமக்கு ரேடியமாகிவிட்டது.

இன்னொரு சங்கதி. கோலத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் முயற்சி தமிழ்நாட்டில் இந்த மெஷின்களுக்கு முன்பே நடந்திருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோன்மணியும் அவருடன் பணியாற்றியவர்களும் கோலங்களை இலக்கண விதிகளாக மாற்றும் ஆய்வுக் கட்டுரையை 1974ல் வெளியிட்டார்கள். புள்ளியும் சுழியும் ஒரு மொழி, அதற்கு இலக்கணம் உண்டு என்பது அவர்கள் சொன்னது. நம் பாட்டிகள் எல்லாம் புரோகிராமர்கள் என்று இதை வைத்துத்தான் நான் வகுப்பில் வாதாடுவேன்.

பிரிகிற வினைல், பிரியாத வினைல்

இப்போது ஆறாங்கிளாஸ் கேள்விக்கு வருவோம். பெரியப்பா எனக்கு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன்.

ஒட்டிய ஸ்டிக்கரில் நான்கு பிடிமானங்கள் இருக்கின்றன. தாளுக்கும் பசைக்கும் உள்ளது ஒன்று. பசைக்குள்ளேயே உள்ளது இரண்டு. பசைக்கும் பெயிண்டுக்கும் உள்ளது மூன்று. பெயிண்டுக்கும் சுவருக்கும் உள்ளது நான்கு. பிரிக்கும்போது இதில் எது பலவீனமோ அது விடும். மூன்றாவது விட்டால் நமக்கு வெற்றி. இரண்டாவது விட்டால் பிசுபிசுப்பு மிஞ்சும். நான்காவது விட்டால் அட்வான்ஸ் போச்சு. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். டிஸ்டம்பர் சுவரைப் பிடித்திருந்ததைவிட ஸ்டிக்கர் டிஸ்டம்பரைப் பிடித்தது பலம்.

பிரிகிற வினைலில் மூன்றாவது பிடியை வேண்டுமென்றே குறைத்துச் செய்கிறார்கள். கைவினை செய்கிற வெளிநாட்டுக்காரர்கள் 631, 651 என்று இரண்டு எண்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஜெர்மனியின் ஓராஃபோல் கம்பெனி தயாரிக்கிற இரண்டு வகை வினைல் அவை. 631 என்பது கண்காட்சிக்கும் சுவருக்குமானது, மினுமினுப்பில்லாதது, பிரியக்கூடியது. 651 வெளியே நிற்பதற்கானது, விடாது. வண்டிக்கு 631 ஒட்டினால் நிற்காது, வீட்டுச் சுவருக்கு 651 ஒட்டினால் வராது. எங்கள் மரம் எந்த ஜாதி என்று இப்போது சொல்லத் தேவையில்லை.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

- சுண்ணாம்பு, மட்டமான டிஸ்டம்பர் சுவரில் எந்த வினைலும் வேண்டாம். எமல்ஷன் பெயிண்ட், கண்ணாடி, டைல்ஸ், ஃபிரிட்ஜ், எவர்சில்வர் டப்பா இவை நல்ல இடங்கள்.
- புதுசாக அடித்த பெயிண்ட் என்றால் மூன்று நான்கு வாரமாவது காயவிடுங்கள்.
- துடைத்து நன்றாக உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். முதலில் பீரோவுக்குப் பின்னால் ஒரு சின்னத் துண்டு ஒட்டி ஒரு வாரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள்.
- பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து வெளியே தள்ளித் தேய்த்தால் காற்றுக் குமிழ் வராது.
- பிரிக்கும்போது நேராக வெளியே இழுக்காதீர்கள். மெதுவாக, சுவரை ஒட்டியே மடித்து இழுங்கள். முடி உலர்த்தும் மெஷினால் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும்.
- மாதக்கணக்கில் வெயில் படுகிற சுவரில் விட்டுவைக்காதீர்கள். நாளாக ஆக பிரிகிற பசையும் பிரியாத பசையாக மாறும்.

வளைகாப்புக் கோலம்

போன வருஷம் அக்காவுக்கு வளைகாப்பு. இப்போதும் வாடகை வீடுதான், ஆணி கண்டிஷனும் அதேதான். ஸ்டேஜ் டெக்கரேஷன்காரர் சொன்ன விலையைக் கேட்டு அப்பா பேச்சை மாற்றினார். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது.

அம்மாயியிடம் நோட்டும் பேனாவும் கொடுத்து ஒரு சிக்குக் கோலம் போடச் சொன்னேன். "பேப்பர்லயா?" என்று சிரித்துவிட்டு, புள்ளி வைத்து, கை எடுக்காமல் ஒரே இழையாகப் போட்டுக் கொடுத்தது. அதை போனில் படம் எடுத்துப் பெரியப்பா கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். இழை மெலிசாக இருந்தால் உரிக்கும்போது அறுந்துவிடும் என்று பெரியப்பா கோட்டைத் தடிமனாக்கினார். சில வளைவுகளை அவரே திருத்தப் போனார். அம்மாயி ஒத்துக்கொள்ளவில்லை. "நெளிசல் இருந்தா இருக்கட்டும், அது என்ற கை" என்றது. பெரியப்பா மவுஸை வைத்துவிட்டார். கையெழுத்தின் மதிப்பு அவருக்குத் தெரியாதா?

அரக்குக் கலர் பிரிகிற வினைலில் நான்கடிக்கு வெட்டி, தேவையில்லாத துண்டுகளை ஊசியால் எடுத்து, டேப் போட்டுத் தூக்கி ஹால் சுவரில் ஒட்டினோம். அதற்கு முன்னால் நாற்காலி, நாற்காலியில் அக்கா, கை நிறைய வளையல். எல்லா போட்டோவிலும் அம்மாயியின் கோலம் பின்னால் இருக்கிறது. அம்மாயி ஒவ்வொருவரையும் கூப்பிட்டு "அது நான் போட்டது" என்று காட்டியது. ஸ்டிக்கர் கோலமே பிடிக்காது என்று சொன்ன அதே அம்மாயி!

அஞ்சாம் நாள் பிரித்தோம். அம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கை நடுங்கியது எனக்கு. மெதுவாக, மூலையிலிருந்து, சுவரோடு ஒட்டி மடித்து இழுத்தேன். இழை இழையாக வந்தது. சுவரில் ஒன்றுமே இல்லை. ஒரு கீறல் இல்லை, கறை இல்லை. அம்மா கையால் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே இது தெரிஞ்சிருந்தா..." என்று மட்டும் சொன்னார்.

பிரித்த வினைல் என் கையில் ஒரு உருண்டையாக இருந்தது. அம்மாயி அதைப் பார்த்துவிட்டு கேட்டது: "இதெ எறும்பு திங்குமா கண்ணு?"

என்னிடம் பதில் இல்லை. சுவருக்குத் தற்காலிகம், பூமிக்கு நிரந்தரம். வினைலின் கதை இவ்வளவுதான். 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி பேனர்களுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை வந்திருக்கிறது. அது பேனருக்கான சட்டம், நம் வீட்டு உருண்டையை யாரும் வந்து கேட்கப் போவதில்லை. அதனால்தான் நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது. போகி அன்று பழைய ஸ்டிக்கரை எல்லாம் தீயில் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பி.வி.சி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். தயவுசெய்து போடாதீர்கள்.

நான் என்ன முடிவுக்கு வந்தேன் என்றால், விசேஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் பிரித்து வைத்து மறுபடி எடுக்கிற மாதிரி கண்ணாடியிலோ டப்பாவிலோ ஒட்டினால் வினைல் நல்ல நண்பன். தினசரி வாசலுக்கு அது வேண்டாம். அந்த வேலைக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் ஆட்கள் சரியான பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒட்டாது, கறை வைக்காது, குப்பையும் ஆகாது.

அந்த உருண்டையை நான் எறியவில்லை. வெட்டியதில் மிஞ்சிய நல்ல துண்டுகளில் பூ வெட்டி மளிகை டப்பாக்களுக்கு ஒட்டியிருக்கிறேன். கடுகு டப்பாவில் ஒரு பூ, சீரக டப்பாவில் இரண்டு. அம்மா இப்போது டப்பாவைத் திறந்து பார்க்காமலே எடுக்கிறார். இந்த மார்கழிக்கு அம்மாயியிடம் கோலம் கற்றுக்கொள்வதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் போட்டது கோலமா என்று எறும்புகள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். :)

உங்கள் வீட்டு ஸ்டிக்கர் கதை இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.